வயதான நாய்க்கு மண்ணீரல் வீங்கினால்

தாராவியில் நாய் வளர்க்கிற வீடுகளில் பெரும்பாலும் நாய்க்கென்று தனி இடம் கிடையாது. பிள்ளைகள் படுக்கிற பாய் ஓரத்தில்தான் அதுவும் படுக்கும். அப்படி வளர்ந்த நாய் பத்து வயதில் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தால், "வயசாயிடுச்சு, விடு" என்கிறோம். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். சோர்வுக்குக் காரணம் வீங்கிய மண்ணீரலாக இருக்கலாம். பல நேரம் அதைக் குணப்படுத்தவும் முடியும்.

உண்ணியில் தொடங்கும் வீக்கம்

நாயின் வயிற்றில் இடப்பக்கம், இரைப்பையை ஒட்டி, நாக்கு போல நீண்டிருப்பது மண்ணீரல். பழைய சிவப்பணுக்களை வடிகட்டும், ரத்தத்தைச் சேமிக்கும், கிருமிகளோடு போராடும். அது வீங்குவது தனி நோயல்ல, வேறு ஏதோ நோயின் அடையாளம்.

நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு கிருமிகளையும் உண்ணி பரப்புகிறது. பபேசியாவில் ஒரு வகையை 1910-ல் பேட்டன் என்ற ஆய்வாளர் விவரித்தார். அவர் அதைக் கண்டது சென்னையின் வேட்டை நாய்களில். நூறு ஆண்டுகளுக்கு மேல் தெரிந்த நோய்க்கு இன்னும் நாய்களை இழந்துகொண்டிருப்பது வேதனை.

  வயதான நாயின் மண்ணீரலில் கட்டியும் வரலாம். சாதாரண ரத்தக்கட்டா, ரத்தநாளப் புற்றா என்பது தொட்டுப் பார்த்துத் தெரியாது. திசுவைச் சோதித்தால்தான் உறுதியாகும்.

ஈறைப் பாருங்கள்

உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெளுத்து, வயிறு திடீரென உப்பி, நாய் சுருண்டு விழுந்தால் கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசியலாம். விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதுவும் கொடுக்காதீர்கள், அவை நஞ்சாகிவிடும்.

பரேலில் என்ன செய்வார்கள்

பக்கத்திலுள்ள சயானில் ரயில் ஏறினால் பரேல் தூரமில்லை. பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும், 1886-ல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ரத்தப்பூச்சு, வயிற்று ஸ்கேன் மூன்றையும் கேட்டு எடுங்கள். எர்லிக்கியாவுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் தருவார்கள். நாய் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதனாலேயே நோய் திரும்புகிறது. பபேசியாவுக்கு வேறு மருந்து வேண்டும் என்பதால் எந்தக் கிருமி என்று தெரிந்தாக வேண்டும்.

கட்டி என்றால் மண்ணீரலையே எடுக்க நேரலாம். அது இல்லாமலும் நாய் வாழும். ஆனால் பபேசியாவை எதிர்க்கும் பலம் குறையும். ஆகவே, உண்ணித் தடுப்பை ஒரு மாதம்கூடத் தவறவிடக் கூடாது.

சுவரிலும் தேடுங்கள்

உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் கட்டில் சந்திலும் ஒளிந்து, அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான் முடியும். வெடிப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள், பாயை வெயிலில் காயப்போடுங்கள். நாயின்மேல் மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துவிடும். சுவர் ஒட்டிய அண்டை வீட்டுக்காரரிடமும் பேசி, இரண்டு வீட்டையும் ஒரே நாளில் சுத்தம் செய்யுங்கள்.