மீனின் செட்டை அழுகினால் முதலில் நீரைப் பார்ப்போம்

மலையகப் புகையிரதப் பாதையில் தலவாக்கலையைத் தாண்டியதும் வரும் அடுத்த நிலையம் வட்டகொடை. இங்குள்ள தோட்டமொன்றில், லயத்துக்குப் பின்னால் முன்னர் கோழிக்கூடு இருந்த இடத்தில், ஒரு குடும்பத்தினர் மூன்று சீமெந்துத் தொட்டிகளைக் கட்டித் தங்கமீன் வளர்த்து வருகின்றனர். லீக்சும் கரட்டும் பயிரிட்டு வந்த இவர்களது நிலம் மண்சரிவு ஆபத்துள்ள இடமென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. உறவினரின் லயக் காம்பராவில் ஒதுங்கியிருக்கும் இவர்களுக்கு, மகளிர் சங்கத்தில் பெற்ற கடனே இத்தொட்டிகளின் முதல்.

நாம் அங்கு சென்றபோது அந்த வீட்டுத் தாயார் ஒரு பேசினை எமது முன் வைத்தார். அதில் நாலைந்து மீன்கள் செட்டைகளை மடித்துக்கொண்டு அடியில் கிடந்தன. வாற்செட்டையின் ஓரங்கள் வெளுத்து, கறையான் அரித்த கடதாசி போல் இருந்தன.

“பாதர், மருந்துக்கே ஆயிரக்கணக்குல போயிருச்சு. கடையில சொன்ன மாதிரிதான் ஊத்துனோம். மீனு மட்டும் ஒண்ணு ஒண்ணாப் போகுது. கடன எப்பிடிக் கட்டுறதுன்னு தெரியல” என்றார்.

இதே கேள்வி உங்களிற் பலருக்கும் இருக்கலாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் வீடுகளைவிட்டு எழும்பியவர்கள், 2014 ஒக்ரோபரில் மீரியபெத்த மண்சரிவில் யாவற்றையும் இழந்தவர்கள் என, இந்த மலைகளில் காணியின்றி நிற்கும் குடும்பங்கள் ஏராளம். அலங்கார மீன் வளர்ப்புக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. சென்னையின் கொளத்தூரிலும் எமது நாட்டின் பல கிராமங்களிலும் வீட்டு முற்றத்துத் தொட்டிகளே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் நீரின் குணத்தை அறியாமல் இத்தொழிலில் இறங்கினால் இலாபம் மருந்துக் கடைக்கே போய்ச் சேரும்.

செட்டை சொல்லும் செய்தி

செட்டையில் தோன்றும் சேதம் எல்லாம் ஒன்றல்ல. விளிம்பு சுத்தமாக, கத்தரித்தாற்போல் பிளந்திருந்தால், மற்றொரு மீன் கடித்திருக்கலாம். அல்லது தொட்டியின் சொரசொரப்பிலோ முரட்டு வலையிலோ கிழிந்திருக்கலாம். கடிக்கும் மீனைப் பிரித்து, தொட்டியின் உட்புறத்தை மழுப்பிவிட்டால் அது தானாகவே ஆறும்.

விளிம்பு வெளுத்து, நைந்து, நாளுக்கு நாள் அடியை நோக்கிக் குறைந்துகொண்டு வந்தால் அதுவே செட்டை அழுகல். ஏரோமோனாசு, சூடோமோனாசு முதலிய பற்றீரியாக்கள் இதனை உண்டாக்குகின்றன. பஞ்சுத் துணுக்கு ஒட்டினாற்போல் காணப்பட்டால், புண்ணின்மேல் பூஞ்சணம் பிடித்துவிட்டது என அறியலாம்.

இந்தப் பற்றீரியாக்கள் நல்ல நீரிலும் இருக்கவே செய்கின்றன. உடல் தெம்பாக உள்ள மீனை அவை அணுகமுடிவதில்லை. நீர் கெட்டு, மீன் சோர்ந்தபின்னரே அவை செட்டையைத் தின்னத் தொடங்குகின்றன. பயிரின் இலை மஞ்சளித்தால் அனுபவமுள்ள விவசாயி முதலில் மண்ணைப் பார்ப்பார். மீனின் செட்டை அழுகினால் நாம் பார்க்கவேண்டியது நீரையே.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன் தனது செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகின்றது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அமோனியா உண்டாகின்றது. நீர் பளிங்கு போல் தெளிவாக இருக்கும்போதே அதில் இந்த நஞ்சு நிறைந்திருக்கக்கூடும்.

இந்த நஞ்சை அகற்றுவதும் பற்றீரியாக்களே. ஒருவகை அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சே. நைத்திரேற்றோ பெருமளவு சேர்ந்தாலன்றித் தீங்கு செய்யாது. நீங்கள் தோட்டத்துக்கு யூரியா போட்டபோது அதனைப் பயிர் உண்ணத்தக்க நைத்திரேற்றாக மாற்றிக்கொடுத்தது மண்ணில் நடந்த இதே வேலைதான். தொட்டியில் இவை சுவரிலும் கல்லிலும் வடிகட்டும் பஞ்சிலும் குடியிருக்கும். புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்கு நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் செல்லும். எமது குளிர்ப் பிரதேசத்தில் இன்னும் தாமதமாகும். வடிகட்டியைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவுகிறவர் இந்த நல்ல பற்றீரியாக்களையே கழுவிக் கொட்டிவிடுகிறார்.

எமக்கு நேர்ந்த தவறு

இங்கே எமது தவறொன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். மீன் வளர்க்கும்படி குடும்பங்களை ஊக்குவித்த ஆரம்ப நாட்களில், ஒரு வீட்டுத் தொட்டி நீர் புளித்துவிட்டதைக் கண்டு, “கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்கள்” என்று நாமே சொன்னோம். மறுநாட் காலையில் அத்தொட்டியின் மீன்கள் யாவும் மிதந்தன.

காரணத்தைப் பின்னரே விளங்கிக்கொண்டோம். புளிப்பான நீரில் அமோனியாவின் பெரும்பகுதி அமோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பி.எச். பெறுமானம் 6.5 ஆக இருக்கும்போது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. சுண்ணாம்பினால் அது 9 க்கு ஏறிவிட்டால் நான்கில் ஒரு பங்குக்குமேல் நஞ்சாகிவிடும். நாம் சுண்ணாம்பு போடச் சொன்ன நீரில் பல வாரத்து அழுக்குச் சேர்ந்திருந்தது. முதலில் நீரை மாற்றியிருந்தால் அந்த மீன்கள் பிழைத்திருக்கும். அந்த நட்டத்தின் பொறுப்பு எம்முடையது.

மலையகத்து நீரின் குணம்

எமது பீலி நீரும் ஊற்று நீரும் பெரும்பாலும் மென்னீர். புளிப்பைத் தாங்கும் உப்புகள் அதிற் குறைவு. அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்களின் வேலை அந்தச் சொற்ப உப்புகளையும் கரைத்துவிடுவதால், நீர் விரைவிற் புளித்துப்போகும். இதற்குத் துணிப்பையில் கட்டிய சிப்பி ஓடுகளைத் தொட்டியில் இட்டுவைப்பது நல்லது. அவை மெல்ல மெல்லவே கரையும். சுண்ணாம்புத் தூளை ஒருபோதும் கொட்டவேண்டாம்.

புதிய சீமெந்துத் தொட்டியின் சங்கதி இதற்கு நேர் எதிரானது. சீமெந்திலிருந்து சுண்ணாம்பு ஊறி நீர் கடுமையாகக் காரமாகும். இரண்டு மூன்று வாரங்களுக்கு நீரை நிரப்புவதும் வெளியேற்றுவதுமாகப் பலமுறை செய்தபின்னரே மீன் விடவேண்டும்.

தேயிலைக்குக் கொப்புள நோய் எமது நாட்டில் 1946 இல் வந்தது. அதனைக் கட்டுப்படுத்தத் தெளிக்கப்படும் மருந்துகளிற் செப்புச் சேர்ந்தவை முக்கியமானவை. செப்பு மீனின் செவுளைத் தாக்கும். மென்னீரில் அதன் நஞ்சு மேலும் கடுமையாகும். ஆகவே மருந்து தெளிக்கும் நாட்களிலும் அதனை அடுத்துவரும் மழையிலும் தேயிலை மலையின் கீழாக ஓடிவரும் நீரைத் தொட்டிக்கு எடுக்கக்கூடாது. மருந்து கலக்கிய வாளி எத்தனை முறை கழுவப்பட்டாலும் மீன் தொட்டிப் பக்கம் வரவே கூடாது.

குளிரையும் கவனிக்கவேண்டும். தங்கமீனும் கொய் மீனும் எமது குளிரைத் தாங்கும். கப்பியும் சண்டை மீனும் வெப்பத்தை நாடுபவை. இரவில் நீர் குளிர்ந்து போகும்போது அவை சோர்ந்து, செட்டை அழுகலுக்கு எளிதில் இரையாகும். கொழும்பில் நன்றாக விற்பனையாகிறது என்பதற்காக அவற்றை இங்கே வளர்க்க முற்படவேண்டாம்.

செய்யவேண்டிய சிகிச்சை

முதலாவது: ஒரு வாரத்துக்கு நாள்தோறும் நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள். அடியிற் கிடக்கும் அழுக்கைச் சிறு குழாயினால் உறிஞ்சி எடுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒரு முழுநாள் வைத்தபின் ஊற்றுங்கள். புது நீரின் குளிர் தொட்டி நீரின் அளவுக்கு ஒத்திருக்கவேண்டும்.

இரண்டாவது: முதல் இரண்டு நாட்களுக்குத் தீனி வேண்டாம். பின்னர் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவே போடுங்கள்.

மூன்றாவது: நோயுற்ற மீனைத் தனியான பாத்திரத்தில் விட்டு, லீற்றருக்கு 2 கிறாம் வீதம் சாதாரண உப்புச் சேருங்கள். 100 லீற்றருக்கு 200 கிறாம். தனியாகக் கரைத்து, மூன்று பங்காக்கி, ஒரு நாளுக்குள் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நீர் மாற்றும்போது, மாற்றிய நீரின் அளவுக்கு மட்டுமே மீண்டும் உப்புச் சேர்க்கவேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இது போதும். இந்த உப்பு நைத்திரைற்று நஞ்சையும் ஓரளவு தடுக்கும். நீர்ச்செடிகள் உப்பைத் தாங்கமாட்டா.

நான்காவது: வடிகட்டும் பஞ்சைத் தொட்டியிலிருந்து வெளியேற்றிய நீரிலேயே பிழிந்து கழுவுங்கள். புதுத் தொட்டி தொடங்குவோர், நோயற்ற தொட்டியொன்றின் பழைய பஞ்சில் ஒரு துண்டை வாங்கிப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

ஐந்தாவது: கைவிரல் நீளத் தங்கமீன் ஒன்றுக்கு 20 லீற்றர் நீராவது இருக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். காற்றுப் பம்பி நின்றவேளையில் நெருக்கமாக மீன் இருந்த தொட்டியே முதலில் ஆபத்துக்குள்ளாகும். அவ்வேளைகளில் தீனியை நிறுத்தி, குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

மருந்து எப்போது?

நீரைச் சீர்செய்து ஒரு வாரமாகியும் அழுகல் அடிவரை இறங்கினால், அல்லது செட்டையின் அடி சிவந்து வீங்கினால், மருந்து தேவைப்படலாம். அதனை ‘நக்டா’ எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரிடமோ மிருக வைத்தியரிடமோ கேட்டே பாவியுங்கள். மனிதருக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை உடைத்துப் போடும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. அது தொட்டியின் நல்ல பற்றீரியாக்களைக் கொல்லும். கெட்டவற்றை அம்மருந்துக்குப் பழக்கிவிடும். நாளை எமது பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் அம்மருந்து பயன்படாமற் போகலாம். மருந்திட்ட நீரைப் பீலியிலோ ஆற்றிலோ ஊற்றாதீர்கள். வேண்டாத மீனையும் ஆற்றில் விடாதீர்கள்.

வட்டகொடைத் தாயாரிடம் மருந்துப் போத்தல்களை எடுத்துவைக்கச் சொல்லி, இம்முறைகளையே கூறிவந்தோம். மூன்று வாரங்களின்பின் சென்றபோது, தப்பிய மீன்களின் செட்டை ஓரத்தில் கண்ணாடி போன்ற புதுத் தசை வளர்ந்திருந்தது. அடிப்பகுதி அழியாதவரை செட்டை மீண்டும் வளரும் என்பதை 1786 ஆம் ஆண்டிலேயே புறூசொனே என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதிவைத்துள்ளார். ஆனால் இறந்த மீன்கள் இறந்தவைதான். கடனில் அப்பங்கு இன்னும் பாக்கி நிற்கின்றது. அதனை ஆறுதலாகக் கட்டுவதற்குச் சங்கத்துப் பெண்கள் தவணை கொடுத்துள்ளனர்.

அந்தத் தாயார் இப்போது உப்புச் சேராத தொட்டி நீரை வீணாக்குவதில்லை. லயத்து ஓரத்தில் இரண்டு பாத்தி போஞ்சிக்கு அதுவே பசளை. “மண்ணு போச்சுன்னு நெனச்சோம் பாதர், வேலை ஒண்ணுதான்” என்றார்.

இத்தொழிலைத் தொடங்க எண்ணுவோருக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. மூன்று தொட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். ஒரு தொட்டி கட்டி, பத்து மீனை ஆறு மாதம் காப்பாற்றிக் காட்டுங்கள். மற்றத் தொட்டிகளைப்பற்றி அதன்பின் பேசுவோம்.