பாலா, தக்காளியா?

சுட்டிகளே, ஒரு புதிர். ஒரு டம்ளர் பசும்பால். அதே எடைக்குத் தக்காளி. எதில் தண்ணீர் அதிகம்?

"இதென்ன கேள்வி! ஊற்றிக் குடிக்கிற பாலில்தான்" என்கிறீர்களா? தோற்றுப்போனீர்கள்! 100 கிராம் பாலில் தண்ணீர் சுமார் 87 கிராம். தக்காளியிலோ சுமார் 94 கிராம்! தக்காளியின் தண்ணீர் எண்ணற்ற செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதனால்தான் வழிந்தோடவில்லை.

சரி, பாலில் மீதி 13 கிராம் என்ன? கொழுப்பு, புரதம், பால்சர்க்கரை, கொஞ்சம் தாது உப்பு. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா ஊர் அது!

விறகு அடுப்பில் அகன்ற வாணலி. பால் கொதிக்கிறது. கிண்டுகிற கை நிற்பதே இல்லை. ஏன் தெரியுமா? சும்மா விட்டால் மேலே ஏடு படியும். அது மூடிபோல நீராவியை அடைக்கும். அடைபட்ட ஆவி ஏட்டைத் தூக்க, பால் பொங்கி வழியும். அடியிலோ தீய்ந்துபோகும். கிண்டக் கிண்ட ஆவி பறக்கும், பால் சுண்டும்.

சுண்டச் சுண்ட வெள்ளை மாறி, இளம் பழுப்பு ஏறும். சீனி போட்டதால் மட்டும் வந்த நிறமில்லை அது. சூட்டில் பாலின் புரதமும் பால்சர்க்கரையும் கைகோத்துப் புது நிறமும் மணமும் உண்டாக்குகின்றன. 1912இல் இதை விளக்கியவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் மயார். முறுகல் தோசையின் பொன்னிறத்துக்கும் இதே வினைதான் காரணம்!

காய்ச்சாத பால் வெயில் நாளில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். பால்கோவா சில நாள் தாங்கும். கிருமிகளுக்கும் தண்ணீர் வேண்டுமே! பெரும்பகுதி ஆவியாகிவிட்டது, மிச்சத்தைச் சீனி பிடித்துவைத்துக்கொள்கிறது. பாவம், கிருமிகள் என்ன செய்யும்?

தக்காளி கதையை இன்னும் நம்பவில்லையா? நான்கு துண்டு நறுக்கி, உப்புத் தூவி, அரை மணி நேரம் கழித்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஒளிந்திருந்த தண்ணீர் தானே ஓடி வரும்!