ரெடிமேட் தொகுப்பா, நாமே கம்பைல் செய்வதா?

தாணே வாகளே எஸ்டேட்டில் சின்ன அலுவலகம் நடத்துபவர், தாராவியில் வீடியோ எடிட்டிங் கடை வைத்திருப்பவர் என யார் லினக்ஸுக்கு மாறினாலும் முதலில் வரும் கேள்வி இது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் தரும் தயார்நிலை மென்பொருள் தொகுப்பை ஒரே கட்டளையில் ஏற்றலாம். மூலநிரலை இறக்கி, வேண்டிய வசதிகளை மட்டும் சேர்த்து, ஓடக்கூடிய மென்பொருளாக நாமே மாற்றிக்கொள்ளலாம்; இதுதான் கம்பைல் செய்வது. "நாமே செய்தால்தான் பாதுகாப்பு" என்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

ஆபத்து எங்கே?

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு இருப்பதை 2024 மார்ச் 29 அன்று ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அம்பலப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைய அரை நொடி கூடுதலாகப் பிடித்ததே அவரைத் துருவிப் பார்க்க வைத்தது. கதவைத் திறக்கும் முக்கிய வரிகள் மூலநிரலை எல்லோரும் படிக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டித் தந்த மூலநிரல் டார் கோப்பில்தான் இருந்தன. மூலநிரல் என்ற பெயரே பாதுகாப்பு ஆகிவிடாது. புதுப் பதிப்புக்கு அவசரப்படாத டெபியனின் நிலைப் பதிப்பு (ஸ்டேபிள்) இதில் சிக்கவில்லை.

தயார்நிலைக் கோப்புகளும் விதிவிலக்கல்ல. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியை மாற்றிக் கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பைப் பரப்பினார்கள்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. நீங்களே கம்பைல் செய்த மென்பொருளை வழக்கமான சிஸ்டம் அப்டேட் தொடாது. ஓட்டை தெரியவந்தால் அடைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் உரிமை

ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் வரும் மென்பொருளை யார் உங்களுக்குக் கொடுத்தாலும், அதன் மூலநிரலைக் கேட்டு வாங்கலாம். வைஃபை ரௌட்டருக்குள் இருக்கும் லினக்ஸுக்கும் இது பொருந்தும். எல்லையும் உண்டு: எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியை 'நான்ஃப்ரீ' தெரிவோடு கம்பைல் செய்தால், உங்கள் கணினியில் ஓட்டலாம், பிறருக்குக் கொடுக்க உரிமை கிடையாது.

என்ன செய்யலாம்?

- தொகுப்பில் இல்லாத வசதி தேவைப்பட்டால் மட்டும் கம்பைல் செய்யுங்கள்.
- எதை இறக்கினாலும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபாருங்கள். கோப்பு மாறவில்லை என்று காட்டும் செக்சம் எண் மட்டும் போதாது. தளத்துக்குள் புகுந்தவரால் அதையும் மாற்ற முடியும்.
- கம்பைல் செய்தவற்றின் பதிப்பு எண்ணையும் போட்ட தெரிவுகளையும் குறித்து வையுங்கள். பாதுகாப்பு அறிவிப்புகளைக் கவனியுங்கள்.
- கணினிக்குள் யாரோ புகுந்ததாகத் தெரிந்தால் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.
- கற்றுக்கொள்ள, ஐஐடி பாம்பேயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன.

கையொப்பம் பார்த்து ஏற்றிய தொகுப்பு, வாராவாரம் அப்டேட்: பெரும்பாலான கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இதுவே போதும்.