பல்லவியைத் தேர்ந்த காஞ்சிப் பெண்

காஞ்சி மாநகரைக் கோயில்களின் நகரம் என்று போற்றுகிறோம். காமாட்சியும் ஏகாம்பரநாதரும் வரதராஜரும் அருள்பாலிக்கும் அவ்வூர் இசைக்கும் ஒரு திருத்தலமே. முத்துசுவாமி தீட்சிதர் அத்தலத்துத் தெய்வங்களைக் கீர்த்தனங்களால் அர்ச்சித்தார். லயத்தில் கரைகண்ட நாயனாப் பிள்ளை அங்கே வாழ்ந்தார். அவ்வூரில் 1919-ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் டி.கே. பட்டம்மாள்.

வளரும் கலைஞர் எதற்காகத் துணியவேண்டும், எந்தத் துணையை நம்பித் துணியவேண்டும் என்னும் கேள்விகளுக்கு அம்மையாரின் இளமைப் பருவமே விடை கூறுகிறது.

தாய்க்குக் கிட்டாத வாய்ப்பு

பட்டம்மாளின் தாயார் காந்திமதி அம்மாள் நல்ல இசைஞானம் உடையவர். ஆயினும் உறவினர் முன்னிலையிற்கூடப் பாட அவருக்கு அனுமதி இருந்ததில்லை. வீணை தனம்மாளைப் போல, இசையைக் குலவித்தையாகப் போற்றிய குடும்பங்களின் பெண்மணிகள் அந்நாளிலும் பெரும் வித்வாம்சினிகளாய்த் திகழ்ந்தனர். ஆனால் வைதிகக் குடும்பத்துப் பெண் மேடையேறுவது பழிக்கு இடமான செயலாகக் கருதப்பட்டது. மேடையில் பாடிய பெண்ணை யார் மணம் செய்துகொள்வார்கள் என்று பெற்றோர் அஞ்சிய காலம் அது.

தந்தையார் தாமல் கிருஷ்ணஸ்வாமி தீட்சிதர் மகளுக்குப் பக்திப் பாடல்களைத் தாமே கற்பித்தவர். எனினும் ஊரார் முன் பாடவைக்க அவருக்குத் தயக்கம் இருந்தது. பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் அச்சிறுமியின் ஆற்றலை உணர்ந்து, தந்தையிடம் பரிந்து பேசினார். தந்தையும் இசைந்தார். 1929-இல், பத்தாம் வயதில், சென்னை வானொலியில் பட்டம்மாள் பாடினார். 1932-இல் ரசிக ரஞ்சனி சபாவில் அவருடைய முதல் கச்சேரி நடந்தேறியது.

ஒரே ஒரு வரி

மேடையேறியதே பெரிய காரியம். சில கீர்த்தனங்களைப் பிழையின்றிப் பாடி நற்பெயருடன் அவர் அமைதி கொண்டிருக்கலாம். ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தேர்ந்தது ராகம் தானம் பல்லவி என்னும் கடினமான வழியை.

கீர்த்தனத்தைப் பலமுறை பாடிப் பாடி மெருகேற்றிக்கொள்ளலாம். பல்லவி அத்தகையதன்று. அதன் சாகித்தியம் ஒரே ஒரு வரி. அவ்வரியை ஒரு தாளக் கட்டுக்குள் நிறுத்தி, நிரவல் செய்து, வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் பாடி, ஸ்வரங்களைக் கோத்து, எங்கே தொடங்கினோமோ அந்த எடுப்புக்கே ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து சேரவேண்டும். பெரும்பகுதி அந்த நேரத்தில் மனத்தில் உதிப்பது. கணக்கு ஓர் இம்மி பிசகினாலும் பக்கவாத்தியக்காரர் அறிவார். தாளம் போட்டுக்கொண்டிருக்கும் முன்வரிசை ரசிகரும் அறிவார். அது ஆடவர்க்கே உரிய களம் என்ற எண்ணமும் அந்நாளில் வேரூன்றியிருந்தது. ஓர் ஆண் வித்வான் தவறினால் அன்றைய கச்சேரியோடு போயிற்று. ஓர் இளம்பெண் தவறினால், பெண்களுக்கு இது கைவராது என்ற தீர்ப்பே அல்லவா எழுதப்பட்டிருக்கும்!

இத்தனை இடருக்கும் அவர் நம்பிய துணை உழைப்பு ஒன்றே. ஒரே குருவிடம் நெடுங்காலம் குருகுலவாசம் செய்யும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. நாயனாப் பிள்ளை போன்றோரின் கச்சேரிகளைச் செவிமடுத்தும், கேட்ட கிருதிகளைச் சகோதரர்களின் உதவியோடு குறித்துவைத்தும் கற்றார். தீட்சிதர் மரபில் வந்த அம்பி தீட்சிதரிடமும், டி.எல். வெங்கடராம ஐயரிடமும் தீட்சிதர் கிருதிகளைப் பாடம் செய்தார். ரசிகர்கள் அவரைப் ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே அழைக்கலாயினர். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், அந்த வழக்கத்தை விடுத்து இவருக்கு வாசித்தார். அதனினும் மேலான சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

துணிவுக்கும் ஒரு வரம்பு

துணிந்தவர் என்பதால் அவர் எல்லாவற்றுக்கும் உடன்பட்டுவிடவில்லை. திரைப்படங்களில் பக்திப் பாடல்களையும் தேசபக்திப் பாடல்களையும் மட்டுமே பாடினார். காதல் பாடல்களை மறுத்தார். அதே வேளையில், அந்நிய ஆட்சி நடந்த நாளிலேயே பாரதியாரின் பாடல்களைக் கச்சேரி மேடையில் பாடினார். எதைத் துணிவது, எதைத் தவிர்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மரபை உடைப்பதற்காக அவர் துணியவில்லை. மரபின் மிக ஆழமான நீரில் தாமும் நீராடவே துணிந்தார்.

1970-இல் சங்கீத கலாநிதி விருது அவரை வந்தடைந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாருக்குப் பின் அவ்விருதைப் பெற்ற இரண்டாவது பெண்மணி இவரே. தாயார் வீட்டுக்குள்ளே அடக்கிவைத்த இசை, மகளின் குரலில் சபையேறி நிமிர்ந்து நின்றது.

பெரியோர் செய்யத்தக்கது

இவ்வரலாற்றில் நம் போன்ற முதியோருக்கும் ஒரு பாடம் உண்டு. அம்முக்குட்டி அம்மாள் அன்று வாய் திறவாதிருந்தால், தந்தையார் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியிருந்தால், அக்குரல் காஞ்சியின் ஒரு வீட்டோடு நின்றிருக்கும். நம் பேரனோ பேத்தியோ வரும் நவராத்திரிக் கொலுவில், எளிய பாட்டை விடுத்துக் கடினமான கிருதி ஒன்றைப் பாட விரும்பலாம். ‘இது உனக்கு வராது, தெரிந்ததைப் பாடு’ என்று தடுத்துவிடாதீர்கள். ‘நன்றாகப் பயின்றாயா?’ என்று மட்டும் கேளுங்கள். பயின்ற பிள்ளை நடுவில் தடுமாறினாலும், மனம் கோணாமல் அமர்ந்து முழுவதும் கேளுங்கள். அம்பிகையின் சந்நிதியில் உண்மையாகப் பயின்று பாடப்படும் எப்பாட்டும் வீண்போவதில்லை.

பயிற்சியைத் துணையாகக் கொண்டு துணியும் இளங்கலைஞர் அனைவருக்கும் காஞ்சி காமாட்சி அருள்புரிவாளாக!