கேஸ் கீஸர்: ஜுவாலையின் நிறத்தைப் பாருங்கள்

டில்லியில் கார்த்திகை பாதி கழிந்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடிவதில்லை. மார்கழியிலோ விடியுமுன் வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தாக வேண்டும். மின்சார கீஸரில் இரண்டு பேர் குளித்தால் மூன்றாமவர் காத்திருக்க வேண்டியிருப்பதால் நம்மவர்களில் பலர் கேஸ் கீஸருக்கு மாறியிருக்கிறார்கள். குழாயைத் திறந்ததும் பற்றிக்கொண்டு, வேண்டிய மட்டும் வெந்நீர் தரும் இந்தச் சாதனத்தை, அது மக்கர் பண்ணும் வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதன் பர்னர் அடைத்துக்கொண்டால் கெடுவது வெந்நீர் மட்டுமல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

கேஸ் வெளிவரும் இடத்தில் ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் துண்டு உண்டு. அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் வழியே வேகமாகப் பாயும் கேஸ், பர்னரின் வாயருகே உள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. நம் சமையல் ஸ்டவ்விலும் இதே ஏற்பாடுதான். இந்தக் கலவை சரியாக இருந்தால் ஜுவாலை நீலமாக, ஆடாமல் நிற்கும். துண்டிலிருந்து உதிரும் பஞ்சு, முகப்பவுடர், தூசி எல்லாம் அந்த வாயில் போய்ப் படியும். கோடையில் நாலைந்து மாதம் சும்மா கிடக்கும்போது சிலந்தி உள்ளே வலை பின்னிவிடும். குளியலறை ஈரத்தில் துருப்பிடித்த தகடும் செதில் செதிலாக பர்னர் மேல் உதிரும். காற்று போதாமல் ஜுவாலை மஞ்சளாகி, உயர்ந்து, மேலே உள்ள செப்புத் தகடுகளை நக்கும். தகடுகளில் கரி படியும். கரி படிந்தால் எரிந்த புகை வெளியேற வழி குறையும். ஜுவாலை இன்னும் மோசமாகும். நீராவி இஞ்சின் காலத்தில் புகைபோக்கியின் புகை நிறத்தைப் பார்த்தே உள்ளே நெருப்பு எப்படி எரிகிறது என்று அனுபவசாலி ஃபயர்மேன் சொல்லிவிடுவார். கீஸரில் அந்த வேலையை முன்பக்கத்துச் சின்ன ஜன்னல் செய்கிறது. வாரம் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும்.

சுத்தம் செய்வது கடினமல்ல. முதலில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கீஸரின் பாட்டரி செல்களைக் கழற்றிவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு முன் மூடியைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பர்னரின் பிளவுகளை நீளவாக்கில் தேய்க்கவும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு உள்ளே போய்விடும். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்தால் நூலாம்படை வெளியே வந்துவிடும். ஜெட்டுக்கும் காற்றுதான்; ஊசி, கம்பி எதுவும் கூடாது. பித்தளை மிருதுவானது. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு அகன்றாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அவ்வளவு கேஸ் அதிகம் பாயும், காற்று மட்டும் பழைய அளவே. சுத்தம் செய்வதாக நினைத்து நோயை வளர்த்ததாகும்! செப்புத் தகடுகளில் கரி கெட்டியாகப் படிந்திருந்தாலோ, ஜெட்டைக் கழற்ற வேண்டியிருந்தாலோ மெக்கானிக்கை அழைப்பதே சரி. வேலை முடிந்ததும் கேஸைத் திறந்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் துணிச்சல் வேண்டாம். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

குழாய் கேஸ் வந்துவிட்ட காலனிகளில் ஒரு விஷயம். அது பெரும்பாலும் மீத்தேன். சிலிண்டர் கேஸுக்கான ஜெட் அதற்குப் பொருந்தாது. மாற்றாமல் இணைக்கக் கூடாது.

இனி முக்கியமான சங்கதி. பர்னர் பளபளவென்று இருந்தாலும், மூடிய குளியலறையில் அது நல்லபடி எரியாது. நிமிஷத்துக்கு 6 லிட்டர் தரும் கீஸர், தண்ணீரின் சூட்டை 25 டிகிரி உயர்த்த, மணிக்குச் சுமார் 1 கிலோ கேஸை எரிக்கிறது. 1 கிலோ கேஸ் எரிய 12 கன மீட்டர் காற்றாவது வேண்டும். ஆறடிக்கு நாலடி, ஒன்பதடி உயரக் குளியலறையில் உள்ளதோ 6 கன மீட்டர்தான். அது முழுவதும் தீரும்வரை ஜுவாலை காத்திருப்பதில்லை. பிராணவாயு சில சதவீதம் குறைந்ததுமே கார்பன் மோனாக்ஸைடு உண்டாகத் தொடங்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறும் அந்த நாற்றம் எரியும்போதே போய்விடுவதால் எச்சரிக்கையும் கிடைக்காது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இதைப் பற்றிக்கொள்கிறது. தலை கனக்கும், கால் துவளும், தாழ்ப்பாளைத் திறக்கக்கூட வலு இருக்காது. குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் செய்தித்தாளைத் திணிக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் வடஇந்தியப் பத்திரிகைகளில் குளியலறை மரணங்களைப் படிக்கிறோம்.

ஆகவே கீஸரைப் பால்கனியில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவதே உத்தமம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் அது புகையையே அறைக்குள் திருப்பி இழுக்கக்கூடும். இடத்தை மாற்ற முடியாதவர்கள் கதவைத் திறந்து வைத்து வாளியை நிரப்பிக்கொண்டு, கீஸரை அணைத்து, சற்றுப் பொறுத்துப் பிறகு தாழிட்டுக் குளிக்கலாம். உள்ளே போனவர் குரல் கொடுக்காவிட்டால் கதவை உடைக்கத் தயங்காதீர்கள்; முதலில் அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு. ஒரு வாளி போதாத வீடுகளில் இரண்டாக வைத்துக்கொள்ளலாம்.