முன்கவையும் முதற்காரணமும்

பண்டிதனுக்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் யாது தொடர்பு என்று நண்பர் சிலர் நகையாடுவதுண்டு. நன்னூல் படிப்பிக்கும் பொருட்டு நாள்தோறும் 12 கிலோமீற்றர் சென்று மீளும் எனக்கு, பழைய 125 சி. சி. வண்டியொன்றே துணை. அதன் முன்சில்லை இருபுறமும் பற்றிநிற்கும் உறுப்பைக் கராஜ்களில் ‘போர்க்கு’ என்பர். பிளவுபட்ட கிளையைக் குறிக்குங் ‘கவை’ என்னும் நம் சொல் அதற்கு நன்கு பொருந்துதலின், முன்கவை என்றே ஈண்டு வழங்குவேன்.

சென்ற மாரியில் ஒருநாள், மனைவியைப் பின்னிருத்திக்கொண்டு வைத்தியசாலையிலிருந்து மீளுங்கால், வேலிப் பொட்டொன்றினூடாக ஆட்டுக்குட்டியொன்று வீதியிற் பாய்ந்தது. பிறேக்கை அழுத்தினேன். வண்டியின் முன்பக்கம் மண்டியிட்டாற்போலத் தாழ்ந்து அடியில் இடித்தது; கைபிடி ஒருபாற் சரிந்தது. காலூன்றித் தப்பினோம். “இஞ்சேருங்கோ, இனி நான் பஸ்ஸிலை வாறன்” என்றாள் மனைவி. இருபது ஆண்டுகள் அஞ்சாது பின்னிருந்தவள் சொன்ன அச்சொல் என்னை மிக வருத்திற்று.

“மாமா, முன் போர்க்கை முழுசா மாத்துங்கோ. பெரிய வண்டியின்ரை போர்க்கு ஒண்டு விலைக்கு இருக்கு” என்றான் மருமகன். அதன் விலை என் மாதச் சம்பளத்திற் பாதிக்குமேல். ஆயினும் உயிரினும் பணம் பெரிதோ எனக் கருதி, முற்பணத்துடன் கராஜுக்குச் சென்றேன். அதனை நடத்துபவர் என்னிடம் தமிழ் கற்ற மாணவர். என் வேண்டுகோளைக் கேட்டு, “ஐயா, காலை மாத்த முதல், காலுக்கு என்ன வருத்தம் எண்டு பாப்பம்” என்றார்.

யான் நாணினேன். நோய்க்காரணத்தை ஆராயாது மருத்துவஞ் செய்தல் தகாது என்று, திருக்குறளின் மருந்து அதிகாரத்துக்கு அவருக்கு உரை சொன்னவன் யானே. அங்ஙனஞ் சொன்ன யான் காரணந் தேடாது விலை தேடிச் சென்றிருந்தேன்.

முன்கவையின் அமைப்பு எளியது. ஒன்றினுள் ஒன்று வழுக்கும் இரு குழாய்கள். அகத்தே சுருள்வில்லும் எண்ணெயும். 1935ஆம் ஆண்டிலே பி. எம். டபிள்யூ. நிறுவனத்தார் ஆர் 12, ஆர் 17 என்னும் வண்டிகளில் எண்ணெயால் அதிர்வு தணிக்கும் இத்தகைய கவையைப் பொருத்தி விற்றனர். சுருள்வில் பாரத்தைத் தாங்கும். சிறு துளைகளினூடே நெருக்குண்டு செல்லும் எண்ணெய் துள்ளலை அடக்கும். அமுங்கும் வேகம் இரட்டித்தால் துளைவழியே எழுந் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆதலால், மெல்லத் தாழும்போது தடை போதாமலும், குழியில் வீழும்போது தடை மிகுந்து கையைத் தாக்கியும் நிற்றல் இவ்வெளிய அமைப்பின் இயற்கைக் குறை. தடித்த எண்ணெய் வார்த்தால் முன்னது குறையும்; பின்னது கூடும்.

மாணவர் கவையின் குழாயில் இறப்பர் வளையமொன்றைச் செருகி, என்னை ஏறியிருக்கச் செய்து அளந்தார். முழு இயக்கம் 110 மில்லிமீற்றர். அதில் நாலிலொன்று முதல் மூன்றிலொன்றுவரை அமுங்குதல் தகும். என் வண்டியோ 50 மில்லிமீற்றர் தாழ்ந்தது. கழற்றியபோது எண்ணெய் கருத்து நாறியது. ஒரு குழாயில் அளவிற் பாதியே எஞ்சியிருந்தது. சீல் தேய்ந்து கசிந்த எண்ணெய் பிறேக் தட்டின் விளிம்பை அணுகியிருந்தது. அஃது இன்னுஞ் சிறிது இறங்கியிருந்தால் பிறேக்கே பற்றாது போயிருக்கும். சுருள்விற்களும் கைந்நூல் குறித்த எல்லையிற் குறுகியிருந்தன. குழாய்கள் மட்டும் வளையாமலும் துருப்பிடியாமலும் இருந்தன.

பெரிய கவையைப் பொருத்தினால் என்ன என்று பின்னும் வினவினேன். நீளம் மாறினால் கவையின் சாய்வு மாறும். சாய்வு மாறினால் சில்லு தானாக நேர்நின்று ஓடும் இயல்பும் மாறும். அச்சும் பிறேக்கும் பொருந்தா என்று அவர் விளக்கினார். குழாய் வளைந்திருப்பின், அல்லது கரடுமுரடான பாதையில் விரைந்தோடுவோர் ஆயின், மாற்றம் வேண்டியதே. எமக்கு அது வேண்டியதன்று.

புதிய சுருள்விற்கள், சீல்கள், கைந்நூல் விதித்த தடிப்பும் அளவுமுடைய எண்ணெய் ஆகியவற்றை இட்டோம். செலவு மருமகன் சொன்ன விலையில் ஐந்திலொன்றுக்கும் குறைவு. மீண்டும் அளக்க, 34 மில்லிமீற்றர்! எண்ணெயை இனி உரிய காலத்தில் மாற்றுவதாக வாக்களித்தேன். வாங்கிய நாள்முதல் அதனை ஒருமுறையேனும் மாற்றாதவன் யானே.

பழுதுற்ற பொருள் அனைத்தும் போதாத பொருள் அல்ல. பேணாமையாற் போதாததாய்த் தோன்றுவனவும் உள. பாடம் ஏறாத மாணவனை வகுப்பு மாற்றுமுன் அவன் கண்பார்வையைச் சோதிக்க வேண்டும் என்பதையும் அன்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி படலையடியில் நின்று வண்டியைச் சிறிதுநேரம் உற்றுநோக்கினாள். பின்னர்ச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறியமர்ந்தாள்.