பேஸ்பால் அட்டைகள்: எது பொன், எது காகிதம்?

பழைய தபால்தலைக்கு விலை உண்டு, பழைய நாணயத்துக்கு விலை உண்டு என்பது நமக்குத் தெரியும். பபிள்கம்மோடு சேர்ந்து வந்த ஒரு சிறிய அட்டைக்கும் விலை உண்டு என்பதை நான் நியூஜெர்ஸியில் என் அண்ணன் வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். அதைவிட முக்கியமாக, எந்த அட்டைக்கு விலை இல்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் காலமான பிறகு, அவர் வீட்டின் மேல்பரணில் பதினொரு பெட்டிகள் இருந்தன. எல்லாம் 1990 முதல் 1993 வரை வந்த பேஸ்பால் அட்டைகள். மகன் கல்லூரிக்குப் போகும்போது விற்கலாம் என்று, மாதாமாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி வைத்தவை. நம் ஊரில் பெண் பிறந்தால் பொட்டுத் தங்கமாகச் சேர்ப்பதில்லையா, அதே எண்ணம்தான். "சித்தப்பா, இதை என்ன செய்வது?" என்று அண்ணன் மகன் கேட்டான். எனக்கும் தெரியாது. இருவரும் உட்கார்ந்து படித்தோம், கடைகளில் விசாரித்தோம். அப்படி அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அட்டை என்பது இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல நீளமும் உள்ள ஒரு படம். முன்பக்கம் விளையாட்டு வீரர், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. ஒரு வீரருக்கு முதன்முதலாக வெளிவரும் அட்டையை 'ரூக்கி' அட்டை என்பார்கள். அவர் பின்னால் பெரிய ஆளானால் அந்த முதல் அட்டைக்குத்தான் மவுசு.

1950களில் வந்த அட்டைகளைப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகி விளையாடினார்கள். அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது குப்பையில் போட்டார்கள். டாப்ஸ் நிறுவனமே 1952இல் அச்சிட்டு விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டியது. இத்தனையும் தப்பிப் பிழைத்த 1952 மிக்கி மேன்ட்டில் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

1980களில் இந்தப் பழைய அட்டைகளின் விலை ஏறத் தொடங்கியதும், புது அட்டைகளையும் வாங்கி வைத்தால் லாபம் என்ற எண்ணம் பரவியது. 1984இல் பெக்கெட் என்ற விலைப்பட்டியல் பத்திரிகை வந்தது. டாப்ஸின் ஏறத்தாழத் தனியாட்சி ஒரு வழக்கினால் உடைந்து, 1981இல் ஃப்ளீர், டான்ரஸ் நிறுவனங்களும், 1988இல் ஸ்கோரும், 1989இல் அப்பர் டெக்கும் களத்தில் இறங்கின. கேட்கக் கேட்க எல்லோரும் அச்சடித்துத் தள்ளினார்கள். வாங்கியவர்களோ ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்? எல்லோர் பரணிலும் அதே பெட்டி இருந்தால் வாங்குவது யார்? 1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, அந்த ஆண்டின் உலகத் தொடரே ரத்தானபோது மிச்சமிருந்த ஆர்வமும் வடிந்தது.

ஆனாலும் அந்த ஆண்டுகளின் அட்டைகள் எல்லாமே காகிதம் அல்ல. சில விதிவிலக்குகள் உண்டு.

முதலாவது, 1990 டாப்ஸ் ஃபிராங்க் தாமஸ், எண் 414. அச்சில் கறுப்பு மை சரியாகப் படாததால் சில பிரதிகளில் முன்பக்கம் வீரரின் பெயரே விழவில்லை. அந்தப் பிழைப் பிரதிக்கு நல்ல நிலையில் பல ஆயிரம் டாலர் கிடைக்கும். பெயர் உள்ள பிரதிக்கு அதில் சிறு பங்குகூடக் கிடைக்காது.

இரண்டாவது, 1991 டாப்ஸ் 'டெசர்ட் ஷீல்ட்' வரிசை. வளைகுடாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக, பொன்னிற முத்திரை குத்தி அனுப்பப்பட்டவை. பாலைவனத்தில் பாழானவை போக மிஞ்சியவை குறைவு. சிப்பர் ஜோன்ஸின் ரூக்கி அட்டை இதில் விலை உயர்ந்தது. ஆனால் சாதாரண அட்டையில் போலி முத்திரை குத்தி விற்பவர்களும் உண்டு; எச்சரிக்கை தேவை.

மூன்றாவது, 1992 போமன் மரியானோ ரிவேரா. ஆட்டச் சீருடைகூட இல்லாமல் சாதாரண உடையில் நிற்கும் இந்த இளைஞர்தான் 2019இல் ஒரு வாக்குக்கூடக் குறையாமல் 'புகழ் மண்டப'த்துக்குத் தேர்வானார். அந்தப் பெருமை அதற்குமுன் யாருக்கும் கிடைத்ததில்லை.

நான்காவது, 1993 எஸ்.பி. டெரக் ஜீட்டர், எண் 279. பளபளக்கும் உலோகத் தாள் ஒட்டிய அட்டை. உறையிலிருந்து எடுக்கும்போதே ஓரம் உதிரும் தன்மையுடையது. அதனால் குறையில்லாத பிரதி மிக அபூர்வம். அப்படிப்பட்டது ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கிறது.

இவை தவிர, 1990இல் அப்பர் டெக் உறைகளில் கலந்து வைத்த, ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்டு எண்ணிட்ட 2,500 அட்டைகளும் உண்டு.

இந்த விலைகளெல்லாம் அட்டையின் நிலையைப் பொறுத்தவை. மூலை மழுங்காமை, ஓரம் தேயாமை, மேற்பரப்பில் கீறலின்மை, படம் நடுவில் அமைந்திருத்தல் இவற்றைப் பார்த்து 10 வரை மதிப்பெண் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. அவற்றுள் பெயர் பெற்றது. அதற்குக் கட்டணம் உண்டு. சாதாரண அட்டையை அனுப்பினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும்.

ஒரு வார காலம் நாங்கள் பதினொரு பெட்டிகளையும் பிரித்துப் பார்த்தோம். ஈரக்காற்றில் சில கட்டுகள் செங்கல்போல ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபிராங்க் தாமஸ் அட்டை கிடைத்தபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பெயர் பளிச்சென்று அச்சாகியிருந்தது! ஒரு பெயர் சரியாக அச்சானதற்கு நான் வருத்தப்பட்டது அன்று ஒருநாள்தான். கடைசியில் ஒரு கடைக்காரர் மொத்தப் பெட்டிகளுக்கும் சேர்த்துச் சொன்ன தொகையில் நாங்கள் இருவரும் ஒருவேளை ஓட்டலில் சாப்பிட்டிருக்கலாம்.

அண்ணன் மகன் விற்கவில்லை. அவன் கல்லூரிக் கடனை வேலைக்குப் போய் அவனே அடைத்து முடித்தாயிற்று. "அப்பா ஒவ்வொரு பெட்டியிலும் வாங்கிய தேதியை எழுதி வைத்திருக்கிறார், சித்தப்பா. நான் படிக்க வேண்டும் என்று எத்தனை மாதம் நினைத்திருக்கிறார் என்பது அதில் இருக்கிறது" என்றான்.

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், மேலே சொன்ன அட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், சேமிப்புக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம். எல்லோரும் இது நாளைக்கு அபூர்வமாகிவிடும் என்று சொல்லி வாங்குகிற பொருள் அபூர்வமாவதில்லை. அண்ணன் பெட்டிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.